அட்டை நட்டால் கதிர் வருமா?

மக்காச்சோளத்தைப் போல வெகுளியான பயிர் வேறில்லை. உடம்பில் என்ன குறை என்பதை ஒளிக்கத் தெரியாமல் இலையிலேயே எழுதிவிடும். தழைச்சத்து போதாவிட்டால் அடி இலையின் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக மஞ்சள் இறங்கும். மணிச்சத்து குறைந்தால் இளம்பயிர் ஊதா பூத்து நிற்கும். சாம்பல்சத்து இல்லையென்றால் அடி இலையின் ஓரம் தீய்ந்துபோகும். துத்தநாகம் கிடைக்காவிட்டால் புதிதாக விரியும் இலையில் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடும். முற்றினால் குருத்தே வெளுத்துவிடும். வெண்குருத்து என்று அதற்குப் பெயர். அத்தனையும் இலவச அறிக்கை. கையெழுத்து வேண்டாம், முத்திரை வேண்டாம், மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டாம். அரசு ஊழியர் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால் மறுநாள் காலையில் மாறுதல் உத்தரவு வந்திருக்கும். மக்காச்சோளத்தை ராமநாதபுரத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே அது எழுதுவதைப் படிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

பெரம்பலூர், அரியலூர், ஆத்தூர், உடுமலை, விருதுநகர், கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று தமிழ்நாட்டின் மக்காச்சோளக் காடுகளில் பெரும்பங்கு மானாவாரி. அதிலும் நிறையக் கரிசல். கரிசலில் சுண்ணாம்பு உண்டு, காரத்தன்மை உண்டு. மண்ணுக்குள் துத்தநாகம் கிடந்தாலும் வேருக்குக் கிடைக்காதபடி அந்தச் சுண்ணாம்பு பூட்டிவிடும். போதாக்குறைக்கு, விதைக்கும்போது ஒவ்வொரு முறையும் அடியுரமாக மணிச்சத்து நிறைந்த டி.ஏ.பி. உரம். மணிச்சத்து மிதமிஞ்சினால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது இன்னும் குறையும். தொழுவுரம் போட மாடு வேண்டும், மாடு விற்றாகிவிட்டது. ஆக, ஐப்பசியில் காடு நனைந்து பயிர் ஒரு முழம் உயர்ந்ததும் வரிசை வரிசையாக வெள்ளைக்கோடு தெரிகிறது. பார்ப்பவர்கள் மழை அதிகம் என்பார்கள், மழை குறைவு என்பார்கள், விதை சரியில்லை என்பார்கள். கடைக்காரர் பச்சை நிறப் புட்டி ஒன்றைக் காட்டி "இத அடிங்க, ஒரே வாரத்துல கருகருன்னு வரும்" என்பார்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா? பந்த்நகர் பல்கலைக்கழகத்தில் ஒய்.எல்.நேனே, தராய் வட்டார நெல்லை வாட்டிய கைரா நோய்க்குக் கிருமி காரணமல்ல, துத்தநாகக் குறைதான் காரணம் என்று கண்டு சொன்னது 1966. நாடு முழுக்க நுண்ணூட்டங்களை ஆராய ஒருங்கிணைந்த திட்டம் தொடங்கியது 1967. கோயம்புத்தூரிலும் அதற்கு மையம் உண்டு. லட்சக்கணக்கான மண் மாதிரிகளை அலசிப் பார்த்து அவர்கள் சொன்ன கணக்கு: இந்திய மண்ணில் நூற்றுக்கு 36 மாதிரிகளில் துத்தநாகம் பற்றாக்குறை, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 60-க்கும் மேல். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு எந்தக் காட்டில் கல் எறிந்தாலும் அது துத்தநாகம் இல்லாத மண்ணில் விழுவதற்கே வாய்ப்பு அதிகம். அரை நூற்றாண்டாகத் தெரிந்த சேதி. தெரிந்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் பாவம். அறிக்கை எழுதினார்கள்.

பிறகு அட்டை வந்தது.

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கட்டில் மண் வள அட்டைத் திட்டம் தொடங்கியது. நோக்கத்தில் குறையில்லை. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று 12 கட்டங்கள். ஒவ்வொரு உழவரின் கையிலும் ஒரு அட்டை. முதல் இரண்டு சுற்றுகளில் மட்டும் 22 கோடிக்கும் மேல் அட்டைகள் கொடுத்ததாகக் கணக்கு. மண்ணிலிருந்து இவ்வளவு விளைச்சல் வேறெந்தத் திட்டமும் எடுத்ததில்லை.

அந்த அட்டை எப்படித் தயாரானது என்பதை மட்டும் கொஞ்சம் கேளுங்கள். உங்கள் காட்டு மண்ணை எடுத்துச் சோதித்து உங்களுக்கு அட்டை கொடுத்தார்கள் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அந்தச் சுற்றுகளின் விதி வேறு. பாசன நிலம் என்றால் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. மானாவாரி என்றால் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. பத்து ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 25 ஏக்கர். மக்காச்சோளக் காட்டில் அது பத்துப் பன்னிரண்டு பேருடைய நிலம். அதில் ஒருவர் ஆட்டுக்கிடை போட்டவர், ஒருவர் வருசா வருசம் டி.ஏ.பி. கொட்டியவர், ஒருவர் தரிசு கிடந்ததை இப்போதுதான் உழுதவர். அத்தனை பேருக்கும் ஒரே மாதிரியின் முடிவு, பெயரை மட்டும் மாற்றி. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குக் குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, தெரு முழுக்க வீடு வீடாகப் போய் "உங்களுக்குச் சர்க்கரை 210" என்று சீட்டு கொடுத்தால் எப்படி இருக்கும்? அதற்குப் பெயர் மோசடி. மண்ணுக்குச் செய்தால் சாதனை.

சரி, வந்த அட்டையாவது படிக்கிற மாதிரி இருந்ததா? பரிந்துரை எல்லாம் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று. பெரம்பலூர்க்காரர் ஏக்கர் என்பார், சிலர் காணி என்பார்கள். ஹெக்டேர் என்று எந்த அப்பனும் மகனுக்குப் பாகம் பிரித்ததில்லை. பல ஊர்களில் அட்டை வந்து சேர்ந்தது விதைத்து முடித்த பிறகு. அடியுரம் மண்ணுக்குள் போய்ப் பயிரும் முழங்கால் உயரம் வந்த பிறகு "அடியுரமாகத் துத்தநாக சல்பேட் இடவும்" என்று ஒரு கட்டளை. அட்டையைச் சுருட்டி வீட்டு ஓட்டில் செருகி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டியான தாள், மழைக்குக் கொஞ்ச நாள் தாங்கும்.

டிசம்பர் 5 உலக மண் நாள். அன்று மண்டபங்களில் விழா நடக்கும். மேடையில் பதாகை, பொன்னாடை, சால்வை, கேடயம், தட்டில் மிக்சரும் மைசூர்பாகும். "உழவர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை" என்று பேச்சாளர் வருந்துவார். "யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்கள், துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களை மறந்துவிடுகிறார்கள்" என்பார். புரட்டாசிக் கடைசியில் விதைத்த மக்காச்சோளம் அன்றைக்கு ஆண் பூ எடுக்கும் பருவத்தில் நிற்கிறது. அடியுரத் துத்தநாகத்துக்கு நேரம் கடந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. விழிப்புணர்வு இல்லாதவர் யார் என்பது மண்டபத்துக்கு வெளியே காய்கிற காட்டுக்குத் தெரியும்.

இந்த "விழிப்புணர்வு" என்ற பேச்சைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உழவர் ஏன் யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்? புத்தி இல்லாததாலா? விலைப் பட்டியலைப் பாருங்கள்.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஆறு ரூபாய்கூட வரவில்லை. மளிகைக் கடையில் கல்லுப்பு அதைவிட விலை. 50 கிலோ டி.ஏ.பி. 1350 ரூபாய். பொட்டாஷ் 1500-ஐத் தாண்டிவிட்டது. சத்தின் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ தழைச்சத்து யூரியாவில் 13 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு கிலோ சாம்பல்சத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். உலகச் சந்தை எகிறிய ஆண்டுகளில் ஒரு யூரியா மூட்டையின் அடக்கவிலை 2000 ரூபாயைத் தாண்டியது. மிச்சத்தை அரசு தாங்கியது. 2022-23-இல் உர மானியம் மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். உரத்தில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப மானியம். இனி மண்ணுக்கு எல்லாச் சத்தும் சமமாகப் போய்ச் சேரும் என்றார்கள். நல்ல யோசனை. ஒரே ஒரு உரத்தை மட்டும் அதற்கு வெளியே விட்டார்கள். எது என்று சொல்ல வேண்டுமா? யூரியா. கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிற ஆளை மட்டும் அழைக்காமல் கல்யாணம் நடத்தி, பந்தியில் ஏன் குழப்பம் என்று 15 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஆண்டவர்கள் ஒரு கட்சி, பின்னால் வந்தவர்கள் வேறு கட்சி. யூரியா விலையைத் தொட்டால் ஓட்டு போய்விடும் என்ற ஞானத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

துத்தநாகத்துக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்காதீர்கள்; உண்டு. உரத்தில் துத்தநாகம் கலந்து விற்றால் கூடுதல் மானியம் டன்னுக்கு 500 ரூபாய். கிலோவுக்கு 50 காசு. ஐம்பது காசு நாணயத்தை இன்று பேருந்து நடத்துனர்கூட வாங்குவதில்லை. தமிழ்நாட்டு மண்ணில் பாதிக்கு மேல் இல்லாத ஒரு சத்துக்கு அரசின் பரிவு அவ்வளவு. இன்னொன்று கேளுங்கள். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது யூரியாவுக்கு 5 சதவீதம். நுண்ணூட்டங்களுக்கு 12 சதவீதம். மண்ணில் குறைந்து கிடப்பதற்கு வரி இரண்டு மடங்குக்கு மேல். எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில்தான் அதை 5-க்கு இறக்கினார்கள். அந்த எட்டு ஆண்டுகளும் எல்லா உலக மண் நாள் மேடைகளிலும் துத்தநாகத்தின் பெருமை பேசப்பட்டது. பேசுவதற்கு மட்டும் வரி இல்லை.

ஒரு மகனுக்குத் தினமும் இனிப்பை இலவசமாக ஊட்டிவிட்டு, கீரையைப் பூட்டி வைத்துவிட்டு, பிறகு ஊர் கூட்டி "இவனுக்கு நாக்கு கெட்டுப்போச்சு" என்று திட்டும் தகப்பனை யாரும் தகப்பன் என்று சொல்ல மாட்டார்கள் என்று எழுத வந்தேன்; வேண்டாம், நேராகவே சொல்கிறேன். மண்ணைக் கெடுத்தது விலை. விலையை வைத்தது தில்லி. பழி உழவர் தலையில்.

தழை, மணி, சாம்பல் மூன்றும் 4:2:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசு அறிக்கைகள் தவறாமல் சொல்லும். நாட்டில் நடப்பது 10-ஐத் தாண்டிய தழைச்சத்துக்கு 1 சாம்பல் என்று கண்ணீரும் விடும். ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குப் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 250:75:75. இதில் எங்கே இருக்கிறது 4:2:1? ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் கணக்கு வேறு. நாடு முழுமைக்கும் ஒரே விகிதம் என்பதே மண் படிக்காதவர்களின் கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே நாடு ஒரே அது, ஒரே நாடு ஒரே இது என்று பழகிவிட்டது.

அதுவும் வந்துவிட்டது: ஒரே நாடு ஒரே உரம். 2022 அக்டோபரிலிருந்து யார் தயாரித்தாலும் மூட்டையின் பெயர் பாரத். பாரத் யூரியா, பாரத் டி.ஏ.பி., பாரத் பொட்டாஷ். மூட்டையின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அரசுத் திட்டத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும். மீதி ஒரு பங்கில் கம்பெனி தன் பெயர், முகவரி, மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் நெருக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே என்ன சத்து என்பதைவிட வெளியே யார் கொடுத்தது என்பது பெரிய எழுத்தில். எந்த மண்ணுக்கு எவ்வளவு போட வேண்டும், துத்தநாகத்தோடு சேர்த்துக் கலக்கலாமா என்று ஒரு வரி அச்சடிக்க அந்த மூன்றில் இரண்டு பங்கில் இடம் கிடைக்கவில்லை. மண்ணுக்குப் பற்றாக்குறை இருக்கலாம். விளம்பரத்துக்கு இருக்கக் கூடாது.

யூரியா பயன்பாட்டைக் குறைக்க அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அபாண்டம். 2018-இல் 50 கிலோ மூட்டையை 45 கிலோவாக்கினார்கள். உழவர் கிலோ பார்ப்பதில்லை, மூட்டையைத்தான் எண்ணிப் போடுகிறார், ஆகவே ஐந்து கிலோவைக் குறைத்தால் தானாகவே பயன்பாடு குறையும் என்பது இதன் பின்னால் இருந்த ஆராய்ச்சி. உழவரை எவ்வளவு மதிக்கிறார்கள் பாருங்கள். பிறகு கந்தகம் பூசிய யூரியா கோல்டு வந்தது: மூட்டை 40 கிலோ, விலை அதே 266.50. கந்தகம் சேர்த்தது நல்லதுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 50, 45, 40 என்று இறங்குகிற வேகத்தைப் பார்த்தால், வளர்ந்த பாரதம் பிறக்கும் 2047-இல் காலிச் சாக்கு மட்டும் வரும். சின்னம் பெரிதாக இருக்கும்.

சாக்கு போகட்டும், புட்டிக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

2021-இல் இப்கோ நிறுவனம் நானோ யூரியா என்ற திரவத்தைக் கொண்டுவந்தது. 500 மில்லி புட்டி. ஒரு புட்டி ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். 2022 மே 28 அன்று குஜராத்தின் கலோலில் அதற்கான ஆலையைப் பிரதமரே திறந்துவைத்தார். மூட்டையின் வலிமை முழுதும் புட்டிக்குள் வந்துவிட்டது என்று மேடை முழங்கியது. புட்டியின் மேலேயே எழுதியிருந்தது: தழைச்சத்து 4 சதவீதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். 500-இல் 4 சதவீதம் எவ்வளவு? 20. இருபது கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் எவ்வளவு? 20.7. இது கிலோ. ஒரு பக்கம் 20 கிராம், இன்னொரு பக்கம் 20 கிலோ. இரண்டும் சமம் என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு முட்டை போடுவார் வாத்தியார். இங்கே ஆலை போட்டார்கள்.

நுண்துகள், இலைத்துளை வழியாக நேரே உள்ளே போகும், வீணாகாது என்கிறார்கள். சரி, ஒரு துளிகூட வீணாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் மக்காச்சோளம் விளைவிக்கப் பயிர் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தை எடுத்தாக வேண்டும். அப்படியென்றால் 20 கிராமில் விளைவது ஒரு கிலோ மக்காச்சோளம். 2025-26-க்கு அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2400 ரூபாய். கிலோ 24. புட்டியின் விலை 225. இருநூற்று இருபத்தைந்து ரூபாய் போட்டு 24 ரூபாய் எடுக்கும் இந்த வித்தையை எந்த நிதியமைச்சரும் தன் வீட்டுக் கணக்கில் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. பிறகு அடர்த்தியைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் அது கிராம் கணக்குதான். லூதியானாவின் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பாதி யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்து இரண்டு ஆண்டு வயலில் சோதித்தது; நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் இறங்கியது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இந்த உரிமைகோரல்களுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதினார்கள். புட்டி விற்பனை நிற்கவில்லை. அதற்குள் நானோ டி.ஏ.பி.யும் வந்துவிட்டது.

விற்பனை எப்படி நடக்கிறது என்று கடைக்குப் போய்ப் பாருங்கள்.

"அண்ணே, நாலு மூட்டை யூரியா."

"இருக்கு தம்பி. நானோ புட்டி ரெண்டு சேத்து எடுத்துக்கணும்."

"அது எதுக்குண்ணே? எனக்கு வேணாம்."

"எனக்கு மட்டும் வேணுமா? லோடு வரும்போதே கட்டித்தான் அனுப்புறாங்க. நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

இப்படி இணைப்புப் பொருளைத் திணிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. எச்சரிக்கைச் செய்தி பத்திரிகையில் வருகிறது. பருவம் வந்ததும் இணைப்பும் வருகிறது. யூரியா வாங்க ஆதார் வேண்டும், இயந்திரத்தில் விரல் ரேகை வைக்க வேண்டும். உழவரின் பத்து விரலும் அரசுக்குத் தெரியும். அவர் கையில் திணிக்கப்பட்ட புட்டி மட்டும் தெரியாது.

கலப்பட நுண்ணூட்டம் என்ற தனிக்கதை வேறு இருக்கிறது. அதைச் சுருக்கமாக விடுகிறேன். உழவருக்கு வெள்ளைப் பொடி எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதில் துத்தநாகம் எவ்வளவு என்று பார்க்கும் ஆய்வகம் அவர் கடைக்குப் போகும் வழியில் இல்லை.

இப்போது உண்மையான வைத்தியத்தைச் சொல்கிறேன். இதில் கேலி இல்லை. பயிருக்கு முன்னால், சித்திரை வைகாசியில் காடு காய்ந்து கிடக்கும்போது, உங்கள் நிலத்தில் பல இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துப் போலக் குழி வெட்டி, ஓரமாகச் சீவி எடுத்த மண்ணைக் கலந்து அரைக் கிலோ ஆக்கி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் வேண்டாம். துத்தநாகம் குறைவு என்று வந்தால் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 37.5 கிலோ துத்தநாக சல்பேட். ஏக்கருக்கு 15 கிலோ. அதை மணலோடு கலந்து தூவ வேண்டும், டி.ஏ.பி.யோடு கலந்து போட்டால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கிக்கொள்ளும். ஒருமுறை இட்டால் அடுத்த ஒன்றிரண்டு பருவத்துக்கும் பலன் நிற்கும். தவறவிட்டு வெள்ளைக்கோடு வந்துவிட்டதா? அரை சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலைச் சுண்ணாம்புத் தெளிநீர் சேர்த்து இலைமேல் தெளிக்கலாம். பயிர் தேறும், முழுதாக அல்ல. தழைச்சத்தைக் கால் பங்கு அடியுரமாக, அரைப் பங்கு 25-ஆம் நாள், கால் பங்கு 45-ஆம் நாள் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். மானாவாரியில் ஈரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பொட்டாஷை விடக் கூடாது; மணி பிடிப்பதும் தட்டை சாயாமல் நிற்பதும் அதனால்தான். தொழுவுரமோ பசுந்தாளோ எது கிடைக்கிறதோ அது. அவ்வளவுதான். பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். துத்தநாகத்துக்கு ஆகும் செலவு ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய், முன்னே பின்னே. இந்த ஆயிரம் ரூபாய் வைத்தியத்துக்குத்தான் 22 கோடி அட்டையும், இரண்டரை லட்சம் கோடி மானியமும், ஒரு நானோ ஆலையும் தேவைப்பட்டன. இன்னும் வைத்தியம் காட்டுக்கு வந்து சேரவில்லை.

மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு 2018-இல் வந்தபோது ஊரே கூடியது. அமைச்சர் வந்தார், நிவாரணம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. புழு ஊர்ந்து தின்பதைப் படம் பிடிக்கலாம். இல்லாத துத்தநாகத்தை எந்தக் காமிரா படம் பிடிக்கும்? கதிரில் நுனிவரை மணி பிடிக்காமல் போவதை, ஏக்கருக்குச் சில மூட்டை ஆண்டுதோறும் சத்தமில்லாமல் குறைவதைப் பேரிடராக அறிவிக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

விளைந்த மக்காச்சோளம் எங்கே போகிறது? பெரும்பங்கு நாமக்கல் கோழிகளுக்கு. இப்போது எத்தனாலுக்கும் கேட்கிறார்கள். காரும் மக்காச்சோளம் குடிக்கிறது. நெல்லுக்கு இருப்பது போல மக்காச்சோளத்துக்கு ஊர்தோறும் அரசுக் கொள்முதல் நிலையம் இல்லை; 2400 என்பது செய்தித்தாளில் படிக்கும் விலை, வியாபாரி சொல்வது கையில் வாங்கும் விலை. மூட்டை மூட்டையாகக் காட்டைவிட்டுப் போவது மணி மட்டுமல்ல. மண்ணின் தழையும் மணியும் சாம்பலும் துத்தநாகமும் சேர்ந்துதான் லாரி ஏறுகின்றன. திரும்பி வருவது யூரியா மட்டும்.

அந்தக் கோழிப் பண்ணையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தீவனம் அரைக்கும்போது கோழிக்குத் துத்தநாகம் போதாது என்று தாதுக்கலவை அளந்து சேர்க்கிறார்கள். டன்னுக்கு இத்தனை கிராம் என்று தராசு வைத்து. சேர்க்காவிட்டால் முட்டை குறையும், ஓடு மெலியும், பண்ணைக்காரருக்கு நட்டம். கோழிக்குத் துத்தநாகம் கொடுத்தாக வேண்டும் என்பது சந்தைக்குத் தெரிகிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும் என்பது ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தெரிகிறது, இலவசமாகவே கொடுக்கிறார்கள். 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு 32 பேருக்குத் துத்தநாகம் குறைவு என்று அரசே அச்சிட்டது. கோழிக்கும் தெரியும், செவிலியருக்கும் தெரியும், ஆய்வறிக்கைக்கும் தெரியும். அது முளைத்து வர வேண்டிய மண்ணுக்கு மட்டும் கிலோவுக்கு 50 காசு.

மாநில அரசும் சும்மா இல்லை. தனி வேளாண் பட்ஜெட் போடுகிறது. மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் என்று 2024-25-இல் ஒரு திட்டம். பெயர் வைப்பதில் நம்மவர்களை யாரும் வெல்ல முடியாது. பசுந்தாள் விதை கொடுக்கிறார்கள், அது நல்லது. தமிழ் மண்வளம் என்று இணையதளம்கூட இருக்கிறது. ஆனால் ஆனியில் மண் கொடுத்தவருக்கு ஆவணிக்குள் முடிவு வந்ததா, வந்த முடிவில் எழுதிய துத்தநாகம் அவர் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் புரட்டாசியில் இருப்பில் இருந்ததா? இந்த இரண்டு கேள்விக்கும் பெயர் வைக்கும் திறமை போதாது. லாரி வர வேண்டும்.

எல்லா மாவட்டத்திலும் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. மக்காச்சோளம் போடுகிறவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். விழிப்புணர்வு பற்றிப் பேசத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்துங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்: என் காட்டு மண்ணை என் காட்டிலேயே எடுத்து விதைப்புக்கு முன் எப்போது முடிவு தருவீர்கள்? துத்தநாக சல்பேட் எங்கள் சங்கத்தில் எந்தத் தேதியில், என்ன விலைக்கு இருக்கும்? யூரியாவோடு புட்டியைக் கட்டிய கடைகளில் இந்த ஆண்டு எத்தனை உரிமம் ரத்தானது? யூரியாவையும் மற்றச் சத்துகளையும் ஒரே மானியக் கணக்கில் சேர்க்கச் சொல்லித் தில்லிக்கு எழுதினீர்களா? பதிலை வாயால் வாங்காதீர்கள். எழுத்தில், தேதி போட்டு, கையெழுத்தோடு வாங்குங்கள்.